ஒரு கோடிச் சுற்று

திங்கட்கிழமை பகல் பன்னிரண்டு இருபத்து நான்குக்கு மூன்றாவது மாதிரித் துண்டும் உடைந்தது. அதுவும் யார் முன்னால்? யெகாத்தரீன்புர்கிலிருந்து ரயிலேறி வந்து, பெட்டியைக்கூடத் திறக்காமல் நேராக எங்கள் அறையில் வந்து உட்கார்ந்த வாதிம் யெகோரொவிச் முன்னால். ‘டக்’ என்று ஒரே ஒரு சத்தம். இயந்திரம் தானாக நின்றது. எண்காட்டி ஆறு லட்சத்துப் பன்னிரண்டாயிரத்தைக் காட்டியது. மனுஷர் கையிலிருந்த தேநீரை ஒரு சொட்டுச் சிந்தாமல் மேஜையில் வைத்தார்.

“ஒரு கோடி சுற்று தாங்கும்னு எழுதியிருந்தீங்க,” என்றார் தன்சுலுவிடம். “இன்னும் தொண்ணூத்தி நாலு லட்சம் கிட்ட இருக்கே.”

தன்சுலு அந்த எண்ணைக் குறிப்பேட்டில் எழுதினாள். அவளுக்கு முப்பத்தாறு வயது. அதில் ஏழு வருடத்தை இந்த டைட்டானியத்துக்குக் கொடுத்திருக்கிறாள். வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு ஆய்வுக்குழு முன் நின்று பட்டம் வாங்க வேண்டியவள். அந்தக் குழுவில் ‘சரி’ என்றோ ‘சரியில்லை’ என்றோ எழுதித் தரப்போகிறவர் இந்த வாதிம் யெகோரொவிச். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. உடைந்த துண்டைப் பிடித்து நாலு அறை அறையலாம் போலிருந்தது.

நான் ஃப்ளூரா. ஊஃபாவில் இந்த ஆராய்ச்சிக்கூடத்தில் முப்பத்தோரு வருடமாக உலோகங்களைக் களைக்க வைப்பதுதான் என் பிழைப்பு. கம்பியை ஒரு முறை வளைத்தால் ஒன்றும் ஆகாது, வளைத்துக்கொண்டே இருந்தால் ஒரு நேரத்தில் விட்டுவிடும். மனிதனுடைய அசதிக்கும் உலோகத்தினுடைய இந்த அசதிக்கும் எங்களிடம் ஒரே சொல்தான். அதனால் எங்கள் கதவில் ‘களைப்பு அறை’ என்று பலகை தொங்குகிறது. புதிதாகச் சேர்ந்த நூலகர் ஒருத்தர் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வந்து, கட்டில் எங்கே என்று கேட்டார். கட்டில் இல்லை, கட்டை வேண்டுமானால் இருக்கிறது என்று சொல்லி அனுப்பினேன்.

எங்கள் இயந்திரம் என்னைவிடப் பத்து வயது மூத்தது போல முனகும், ஆனால் பொய் சொல்லாது. சுண்டுவிரல் நீளத்தில் உடுக்கைபோல இடை சிறுத்த உலோகத் துண்டுதான் மாதிரி. அதை இரு பக்கமும் பிடித்து, நடுவில் எடையைத் தொங்கவிட்டு, நிமிடத்துக்கு மூவாயிரம் முறை சுற்றும். ஒவ்வொரு சுற்றிலும் அந்த இடையின் தோல் ஒரு முறை இழுபடும், ஒரு முறை நசுங்கும். ஒரு கோடிச் சுற்று உடையாமல் நின்றால் ‘தேறியது’ என்று எழுதுவோம். அதற்கு ஐம்பத்தைந்தரை மணி நேரம் ஆகும்.

ஏன் ஒரு கோடி? எலும்பு முறிந்தவருடைய காலுக்குள் வைக்கும் ஆணிதான் தன்சுலுவின் கனவு. மனிதன் ஒரு காலால் வருடத்துக்குப் பத்து லட்சம் அடி நடப்பான் என்று கணக்கு. ஒரு கோடி என்றால் பத்து வருட நடை. சாதாரண டைட்டானியம் முந்நூற்றைம்பது என்ற அளவு சுமைக்கு மேல் அத்தனை நடை தாங்காது. இவள் அதே டைட்டானியத்தைச் சூடாக்கி, முழங்கைபோல் மடங்கிய ஒரு துவாரம் வழியாக எட்டு முறை அழுத்தித் தள்ளவைத்தாள். ஒவ்வொரு முறையும் உலோகத்தின் உள்ளே இருக்கும் படிக மணிகள் நொறுங்கி, நொய்யாக இருந்தது மாவாகிவிடுகிறது. ‘இந்தப் பொடிமணி டைட்டானியம் அறுநூறு சுமையில் ஒரு கோடி தாங்கும்.’ ஏழு வருடமும் இந்த ஒரு வரிதான்.

இலையுதிர்காலத்தில் மூன்று மாதிரிகள் போட்டார்கள். மூன்றும் தேறின. வாதிம் யெகோரொவிச் நம்பவில்லை. இன்னும் ஐந்து போடச்சொல்லிக் கடிதம் எழுதினார். ஐந்து செய்தோம். போன வாரம் முதலாவது பதினாலு லட்சத்தில் போனது, இரண்டாவது ஒன்பது லட்சத்தில். மூன்றாவதை அவர் கண்ணாலேயே பார்த்துவிட்டார்.

“மூணு நிக்குது, மூணு உடையுது,” என்றார். “இது உலோகமா, லாட்டரிச் சீட்டா? இதைக் கொண்டுபோய் ஒரு மனுஷன் காலுக்குள்ள வைக்கணுமா?”

“இன்னும் ரெண்டு இருக்கு, வாதிம் யெகோரொவிச்,” என்றாள் தன்சுலு.

“நாளைக்குக் காலையில ஒண்ணைப் போடுங்க. வியாழக்கிழமை சாயங்காலம்வரைக்கும் நான் இங்கதான். பாத்துட்டு எழுதறேன்.” உடைந்த துண்டை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பினார். புருவம் உயர்ந்தது. “அடேயப்பா! மூஞ்சி தெரியுதே. இப்படி ஒரு மெருகை நான் எங்கயும் பாத்ததில்லை. இது யாரு கை?”

அந்த நேரத்திலும், சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, எனக்கு உச்சி குளிர்ந்தது. “என் கைதான்,” என்றேன்.

பிறகு அவர் டப்பாவிலிருந்து பழைய மூன்றையும் எடுத்தார். “இதுங்க? பூனை பிறாண்டின மாதிரி இருக்கு.”

“அது நான் தேய்ச்சது,” என்றாள் தன்சுலு. “அப்ப அபாய் யாங்கான்-தாவ் மலையில முழங்காலுக்கு ஆவி பிடிக்கப் போயிருந்தாங்க.” எங்களில் வயதில் மூத்தவளை அபாய் என்றுதான் கூப்பிடுவோம்.

“ஓஹோ,” என்று சொல்லிவிட்டு அவர் சாப்பிடப் போய்விட்டார்.

நான் நகரவில்லை. மேஜையில் ஆறும் கிடந்தன. அழகானவை மூன்றும் உடைந்தவை. அசிங்கமானவை மூன்றும் நின்றவை.

எங்கள் தொழிலில் மெருகுக்கு ஒரே ஒரு விதி. கடைசித் தேய்ப்பு நெடுக்காக இருக்க வேண்டும், குறுக்கே கூடாது. நெடுக்கே இருக்கும் கீறலை இழுவிசை பக்கத்தில் ஓடும் வாய்க்காலாக விட்டுவிடும். குறுக்கே இருந்தால் அதைப் பிடித்துக் கிழிக்கும். இந்த விதியை நான் நூறு பேருக்குக் கத்திக் கத்திச் சொல்லியிருக்கிறேன். சொல்லிவிட்டு, நெடுக்கே எல்லாம் தேய்த்து முடித்த பிறகு, என் சொந்தச் சொத்தாக ஒன்று செய்வேன். மாதிரியைக் கடைசல் இயந்திரத்தில் மாட்டி, பச்சை மெருகுப் பசை தடவிய கம்பளித் துணியால் குறுக்கே மூன்றே மூன்று சுற்று. அவ்வளவுதான். கண்ணாடியாகிவிடும். பட்டறைக்காரர்கள் அதற்கு ‘ஃப்ளூரா முத்தம்’ என்று பெயரே வைத்துவிட்டார்கள். பக்கத்துக் கூடங்களிலிருந்து துண்டுகளைக் கொடுத்தனுப்பி, “ஒரு முத்தம் வையுங்க” என்பார்கள். இரும்பு, பித்தளை, சாதாரண டைட்டானியம் எல்லாவற்றுக்கும் முப்பத்தோரு வருடமாக வைத்திருக்கிறேன். ஒன்றும் கெட்டதில்லை.

நுண்ணோக்கிக்கு ஓடினேன். முழங்காலாவது ஒன்றாவது! உடைந்த முகத்தைக் கீழே வைத்துப் பார்த்தேன். விரிசல் புறப்பட்ட இடம் தெளிவாகத் தெரிந்தது. ஓரத்தில், தோலில், ஒரே புள்ளி. அந்தப் புள்ளி ஒரு கோட்டின் மேல் இருந்தது. இடையைச் சுற்றி ஓடும் மெல்லிய வளையம். தலைமுடியில் பத்தில் ஒரு பங்குகூட ஆழம் இருக்காது. இரண்டாவது துண்டு, அதே வளையம். முதலாவது, அதே வளையம். என் கம்பளித் துணியைக் கொண்டுவந்து நுண்ணோக்கியின் கீழ் விரித்தேன். எந்தக் காலத்து உருக்குப் பொடியோ, கம்பளி இழைகளுக்குள் நாலைந்து கூர்மணிகள் பல்லைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தன.

பெருமணி உலோகத்துக்கு அந்தக் கீறல் ஒரு பொருட்டே இல்லை. கோணல்மாணலான பெரிய மணிகளுக்கு நடுவே விரிசல் திரும்பித் திரும்பி மூச்சு வாங்கிப் படுத்துவிடும். பொடிமணியில் வழி நேராக இருக்கிறது, சுமையும் கிட்டத்தட்ட இரண்டு பங்கு. கீறல் கிடைத்தால் போதும், வழுக்கிக்கொண்டு போய்விடும். அதாவது டைட்டானியம் நல்லது. தன்சுலு சொன்ன வரி உண்மை. கெடுத்தது என் முத்தம்!

எனக்கு ஒரே நேரத்தில் துள்ளிக் குதிக்கவும் தோன்றியது, பூமி பிளந்து உள்ளே போகவும் தோன்றியது. குதித்துக்கொண்டேதான் ஓடினேன்.

தன்சுலு மாடிப்படியின் கீழ் நின்று மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அழுத்தும் இயந்திரத்தை ஓட்டுகிற ரிஃப் பக்கத்தில் நின்று, ஆறுதல் என்கிற பெயரில் உளறிக்கொண்டிருந்தான். அவனும் நானும் ஒரே வருடம் வேலைக்குச் சேர்ந்தவர்கள்.

“கெடுத்தது நான்தான்!” என்று கத்தினேன். “உன் உலோகம் தங்கம்டி! கெடுத்தது நான்!”

“இவளுக்கு என்ன, ஆவி தலைக்கு ஏறிடுச்சா?” என்றான் ரிஃப்.

இருவரையும் இழுத்துக்கொண்டு வந்து காட்டினேன். தன்சுலு நுண்ணோக்கியை விட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை. எடுத்தபோது முகம் வேறு முகமாக இருந்தது.

“அபாய்... அப்ப நான் எழுதினது தப்பில்ல!”

“தப்பில்லடி. இப்பவே போய் அந்தச் சாப்பாட்டு மேஜையிலேயே அவர்கிட்டச் சொல்லிட்டு வரேன்.”

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். “வேணாம். சாக்குச் சொல்றோம்னு நினைப்பாரு. மூணு உடைஞ்ச பிறகு மெருகு மேல பழியப் போடறாங்கன்னுதான் எழுதுவாரு. அதோட உங்க பேரு என்னத்துக்கு ஆகும்? நாலாவதை ஒழுங்காத் தேய்ப்போம். அது ஒரு கோடி நின்னுட்டா யாரும் எதுவும் பேச வேண்டியதில்லை.”

அவள் சொன்னது எனக்கு இனித்தது. அதுதான் உண்மை. மூடிக்கொண்டேன்.

அன்று சாயங்காலமே நாலாவதை நெடுக்கே தேய்த்தேன். என் வளையங்கள் அத்தனையும் அழியும்வரை, பளபளப்பெல்லாம் செத்து, பூனை பிறாண்டின கோலம் வரும்வரை தேய்த்தேன். கை வலித்தது, அதைவிட மனசு வலித்தது. இடை மில்லிமீட்டரில் நூற்றுக்கு மூன்று பங்கு மெலிந்திருந்தது. தன்சுலு அளந்து, அதே அறுநூறு வரும்படி எடையைக் குறைத்தாள்.

செவ்வாய்க்கிழமை காலை எட்டு இருபதுக்கு விசையைத் தட்டினேன். எடுத்த எடுப்பில் வாதிம் யெகோரொவிச் மாதிரியைப் பார்த்து, “என்ன, இன்னைக்கு மெருகு இல்லையா?” என்றார்.

“அவசரத்துல செஞ்சது,” என்றேன். வாழ்க்கையில் நான் சொன்ன மட்டமான பொய் அது.

ஆறு லட்சம் தாண்டியது. ஒன்பது தாண்டியது. பதினாலு லட்சம் தாண்டியபோது ரிஃப் தொப்பியைத் தூக்கி மேலே எறிந்தான், அது விளக்கில் மாட்டிக்கொண்டது. புதன்கிழமை காலையில் நான் வந்தபோது நாற்பத்து மூன்று லட்சம். கட்டடம் முழுக்கச் செய்தி பரவிவிட்டது. கீழ்த்தளத்துக் கண்ணாடி ஊதுகிறவர்கள், துப்புரவு செய்யும் பெண்கள், கட்டில் கேட்டு வந்த அந்த நூலகர் எல்லாரும் வாசலில் தலையை நீட்டி, “எவ்வளவு? எவ்வளவு?” என்று கேட்டுவிட்டுப் போனார்கள். மின்சாரம் குதிக்கக் கூடாது என்று ரிஃப் எங்கள் தளத்தில் கெட்டிலுக்கே தடை போட்டுவிட்டான். ஊஃபாக்காரனைத் தேநீர் குடிக்காதே என்பது மூச்சு விடாதே என்பதுபோலத்தான். ஆனாலும் ஒருத்தர் முணுமுணுக்கவில்லை. வீட்டிலிருந்து ஃபிளாஸ்கில் பால் தேநீர் கொண்டுவந்தார்கள்.

அன்று மதியம் இரண்டரைக்கு விளக்கு மங்கியது. இயந்திரத்தின் முனகல் ஒரு கட்டை இறங்கியது. எனக்கு உயிரே இறங்கியது. மூன்று மாடி! இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறினேன்.

“யாருடா இங்க உலையைப் போட்டது?”

வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர், “எங்க அட்டவணையில இன்னைக்குத்தான்...” என்று ஆரம்பித்தார்.

“அட்டவணையை அந்த உலைக்குள்ளயே போடு! கீழ ஒருத்தியோட ஏழு வருஷம் சுத்திக்கிட்டு இருக்கு!”

அவர் அணைத்தார். கீழே இறங்கியபோது வாதிம் யெகோரொவிச் ஸ்டாப் வாட்சைக் கையில் வைத்து எண்காட்டியைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். “மூவாயிரம். ஒரு சுற்றுகூடக் குறையலை,” என்றார். அந்த வறண்ட முகத்தில் முதல்முறையாக ஏதோ அசைந்தது. ரிஃப் கொடுத்த முக்கோண இறைச்சிப் பணியாரத்தையும் வேண்டாம் என்னாமல் வாங்கித் தின்றார்.

“இவரும் விழுந்துட்டாரு,” என்று ரிஃப் என் காதில் சொன்னான். “இன்னும் ரெண்டு பணியாரம் போட்டா ஒரு கோடியையும் அவரே கையால சுத்திருவாரு.”

வியாழக்கிழமை மூன்றரை மணிக்கு அறையில் நிற்க இடமில்லை. கூரையிலிருந்து பனிக்கம்பிகள் உருகி ஜன்னலுக்கு வெளியே விழுந்துகொண்டிருந்தன. ஒவ்வொன்று விழும்போதும் எல்லாரும் திடுக்கிட்டு இயந்திரத்தைப் பார்த்தோம். தொண்ணூற்று ஒன்பது லட்சத்துத் தொண்ணூறாயிரம். தன்சுலு என் தோளில் நகத்தைப் பதித்திருந்தாள். எங்கள் எண்காட்டியில் ஏழு கட்டம்தான். ஏழிலும் ஒன்பது வந்து நின்றது. ஒரு கணம். அப்புறம் ஏழு கட்டமும் ஒன்றாகப் புரண்டு சைபர் ஆயின.

கூச்சலில் ஜன்னல் அதிர்ந்தது. தன்சுலுவை யாரோ தூக்கிவிட்டார்கள். ரிஃப் என் கன்னத்தைக் கிள்ளினான். நான் இயந்திரத்தை நிறுத்தி, துண்டைக் கழற்றி, துணியில் துடைத்து வாதிம் யெகோரொவிச்சிடம் கொடுத்தேன். நேரம் நாலாக ஏழு நிமிடம்.

அவர் கூச்சல் அடங்கும்வரை காத்திருந்தார்.

“நின்னுச்சு. ஒத்துக்கறேன். நல்ல உலோகம்தான்,” என்றார். “ஆனா நான் என்ன எழுத முடியும்? ஏழு போட்டீங்க. நாலு நின்னுது, மூணு உடைஞ்சுது. எது நிக்கும், எது உடையும்னு உங்களுக்கே தெரியலை. மருத்துவர் எதைத் தெரிஞ்சு காலுக்குள்ள வைப்பாரு? ‘நம்பகமில்லை’ன்னுதான் எழுதணும்.” பையிலிருந்து தாளை எடுத்துக் காட்டினார். எழுதியே வைத்திருந்தார்.

தன்சுலு இறங்கி நின்றாள். அவள் என்னைப் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது என்று சுவரைப் பார்த்தாள். அதுதான் என்னை அறுத்தது.

“எது உடையும்னு எனக்குத் தெரியும்,” என்றேன். “நான் மெருகு போட்டது உடையும். போடாதது நிக்கும்.”

எல்லாவற்றையும் சொன்னேன். முத்தம், கம்பளித் துணி, வளையம், திங்கட்கிழமை கண்டுபிடித்தது, மூடிக்கொண்டது. வாசலில் நின்றவர்களில் பாதிப் பேர் என்னிடம் முத்தம் வாங்கிப் போனவர்கள். அவர்கள் முகத்தைப் பார்க்காமல் சொன்னேன்.

வாதிம் யெகோரொவிச் கண்ணாடியைக் கழற்றினார். “திங்கட்கிழமையே சொல்லியிருந்தா நம்பியிருப்பேன், ஃப்ளூரா முல்லனூரொவ்னா. செவ்வாய்க்கிழமை கேட்டப்ப ‘அவசரம்’னீங்க. இப்ப தேவைப்படறப்ப சொல்றீங்க. வாய் வார்த்தையை நான் எப்படி எடுத்துக்கறது?”

“எடுத்துக்காதீங்க. இயந்திரம் சொல்லட்டும்.” அவர் கையிலிருந்து அந்தத் துண்டைப் பிடுங்கினேன். “ஒரு கோடி நின்னது இதுதானே? உங்க கண்ணு முன்னாடிதானே நின்னுச்சு? இதுக்கு இப்ப மூணு சுற்று மெருகு போடறேன். அதே சுமை, அதே இயந்திரம். குறை உலோகத்துலதான்னா, ஏற்கெனவே தேறின இந்தத் துண்டு மெருகு போட்டாலும் இன்னொரு கோடி நிக்கும். என் கையில குறைன்னா உடையும். எங்க உடையும்னும் சொல்றேன். வளையம் மேலேயே உடையும்.”

“அபாய்!” தன்சுலு பாய்ந்து வந்து என் மணிக்கட்டைப் பிடித்தாள். “ஐயோ, இது ஒண்ணுதான் அவர் கண்ணால பார்த்த சாட்சி! உடையலைன்னா?”

“உடையலைன்னா நான் பொய்க்காரி, அவர் எழுதினது எழுதினதுதான்.”

“உடைஞ்சா?”

“உடைஞ்சா நீ ஜெயிச்சே. கையை விடுடி.”

விட்டாள்.

கடைசலில் மாட்டினேன். கம்பளித் துணியை எடுத்தேன். ஒன்று, இரண்டு, மூன்று. அசிங்கமாக இருந்த துண்டு கண்ணாடி மாதிரி மின்னியது. வாதிம் யெகோரொவிச் தானே நுண்ணோக்கியில் வைத்து, வளையம் அளவுகோலின் எத்தனையாவது கோட்டில் இருக்கிறது என்று குறித்துக்கொண்டார். நாலு இருபத்தைந்துக்கு விசையைத் தட்டினேன். எண்காட்டி சைபரிலேயே இருந்ததால் திருப்பக்கூட வேண்டியிருக்கவில்லை.

அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. இரண்டு நாளாக ‘உடையாதே, உடையாதே’ என்று கெஞ்சிய அத்தனை பேரும் இப்போது ‘உடை, உடை’ என்று கெஞ்சினார்கள். ஒரு லட்சம். உடையவில்லை. ஒரு லட்சத்து ஐம்பதாயிரம். உடையவில்லை. இவ்வளவு நல்ல உலோகத்தை ஏன்தான் செய்தாளோ என்று எனக்குத் தன்சுலு மேலேயே கோபம் வந்தது.

“என்ன ஃப்ளூரா,” என்றான் ரிஃப், “வயசாயிடுச்சு, முத்தத்துல பழைய காரம் இல்லையோ?”

யாரும் சிரிக்கவில்லை. அவனும் சிரிக்கவில்லை. இரண்டு லட்சம் தாண்டியது. நான் நினைத்ததே தப்போ? வளையம் வெறும் தற்செயலோ? அவளுடைய ஒரே சாட்சியை என் கையாலேயே நாசமாக்கிவிட்டேனோ? இரண்டே முக்கால் லட்சம். மூன்று லட்சம். வாதிம் யெகோரொவிச் நாற்காலியை இயந்திரத்தின் பக்கத்திலேயே போட்டு, கன்னத்தில் கையை வைத்துக் குனிந்து உட்கார்ந்திருந்தார். ஆறு மணி தாண்டியும் ஒருத்தர்கூட வீட்டுக்குப் போகவில்லை.

‘டக்.’

மூன்று லட்சத்து நாற்பத்தோராயிரம்.

எங்கள் களைப்பு அறையில் ஒரு மாதிரி உடைந்ததற்காக மனிதர்கள் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்து அழுதது அன்றைக்குத்தான். நூலகர் யாரென்றே தெரியாத ஒரு கண்ணாடி ஊதுகிறவரைக் கட்டிக்கொண்டார். தன்சுலு என் கழுத்தைக் கட்டிக்கொண்டு தொங்கினாள். எனக்கு அவள் தலையைத் தடவக்கூடக் கை எழவில்லை, கண்ணெல்லாம் நுண்ணோக்கி மேல் இருந்தது.

வாதிம் யெகோரொவிச் நிதானமாகப் பார்த்தார். துண்டைத் திருப்பி இன்னொரு முறை பார்த்தார். பிறகு முன்பு உடைந்த மூன்றையும் கேட்டு வாங்கி, ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தார்.

“வளையத்து மேலதான்,” என்றார். “நாலும்.” நிமிர்ந்தபோது அவர் முகம் சிவந்திருந்தது. “பொடிமணிக்கு இவ்வளவு மெல்லிய தோலா! இதை நான் என் மாணவங்களுக்குச் சொல்லியாகணுமே!” மேஜைக்குப் போய், தாளில் ‘நம்பகமில்லை’ என்ற சொல்லை ஒரே கோட்டில் அடித்தார். அதன் மேல் ‘நெடுக்கே மட்டும் மெருகிட்டால் நம்பத்தக்கது’ என்று எழுதினார். பேனா நின்றது. “மூணு உடைஞ்சதுக்குக் காரணம்னு ஒரு வரி வேணும்.”

தன்சுலு முந்திக்கொண்டாள். “தயாரிப்புல ஏற்பட்ட குறைன்னு போடுங்க, வாதிம் யெகோரொவிச். அது போதும்.”

“போதாது,” என்றேன். “யாரு தயாரிச்சதுன்னு இல்லைன்னா, நாளைக்கு அந்தக் குழுவுல யாராவது ஒருத்தர் எழுந்து, அழுத்தினது சரியில்லை, உலோகம் சரியில்லைன்னு ஆரம்பிப்பாங்க. இவ பதில் சொல்லிக்கிட்டு நிக்கணும். பேரைப் போடுங்க.”

“இதைச் சபையில சத்தமாப் படிப்பாங்க,” என்றார் அவர். “நீங்க மெருகு போட்டுக் குடுத்த மத்தவங்களும் வந்து கேப்பாங்க.”

“கேக்கட்டும். ஒவ்வொண்ணா எடுத்துப் பார்த்துச் சொல்றேன். அதுக்குத்தான் நுண்ணோக்கி இருக்கு.”

அவர் தலையை ஆட்டிவிட்டு எழுத ஆரம்பித்தார். மெருகிட்டவர், ஃப்ளூரா...

“முல்லனூரொவ்னா,” என்றேன். “ரெண்டு ‘ல’ வரும். ஒண்ணை விட்டுட்டா அது வேற யாரோ ஆயிடும்.”

அவர் எழுதி முடித்ததும் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தேன். இரண்டும் இருந்தன.